எட்டை அறுத்த ஊர்

பழைய ஜப்பானில் ஊர்ச் சண்டை ஊருக்குள்ளேயே அடங்க வேண்டும். தன் வயலுக்கு வரும் தண்ணீரைத் தடுத்தார்கள் என்று கன்பே என்ற குடியானவன் அரசாங்க மன்றம் ஏறினான். ஜெயித்தும் விட்டான். ஊர் அதை மன்னிக்காமல் அவனை விலக்கிவைத்தது.

அங்கே ஊர்விலக்குக்கு ஒரு கணக்கு உண்டு. ஊராரோடு உள்ள உறவு பத்து. பிறப்பு, கல்யாணம், நோய் என்று எட்டை அறுத்துவிடுவார்கள். தீயும் சாவும் மட்டும் மிச்சம். தீ பரவும், பிணம் நாறும். அதற்காக விட்டுவைத்ததுதான், இரக்கத்தால் அல்ல. இந்த விலக்கு எந்த அரசாங்கச் சட்டத்திலும் கிடையாது.

கன்பேயின் மனைவி ஓசெனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் அவளுக்கு நினைவு தப்பியது. கன்பே ஊர்த்தலைவர் ஜின்னாயின் வாசலில் போய் விழுந்தான்.

"வைத்தியரை மட்டும் அனுப்புங்கள், ஐயா."

"நோய் எட்டில் சேர்ந்தது. செத்தால் சொல்லியனுப்பு, எல்லோரும் வருகிறோம்."

கன்பே வீடு திரும்பினான். அவன் குடிசை ஆற்றுக்கு அக்கரையில் தனியாக நின்றது. காற்று அசையவில்லை. ஓசெனைத் தூக்கிவந்து மூங்கில் நிழலில் கிடத்தினான். படுக்கையையும் பெட்டியையும் வெளியே வைத்தான். பிறகு கூரையில் தீ வைத்தான்.

ஊரில் தீ மணி அடித்தது. ஊரே வாளியோடு ஓடிவந்தது. வைத்தியர் தோசாயும் வந்தார். வந்தவர் வாளியைப் போட்டுவிட்டு ஓசெனின் நாடியைப் பிடித்தார்.

"என்ன வைத்தியரே இது?" என்றார் ஜின்னாய்.

"தீயணைக்க வந்த இடத்தில் மனுஷி கிடக்கிறாள். மிதித்துக்கொண்டா போவது?"

ஜின்னாயின் கண் பெட்டியின் மேல் விழுந்தது. "கன்பே, வரப்போகிறேன் என்று தீ உன்னிடம் முன்னமே சொல்லிவிட்டதோ?"

"அடுப்புப் பொறி. நான் பார்த்தேன்" என்றார் தோசாய்.

"ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்தா?"

தீ வைத்தவனை உயிரோடு எரிப்பது அரசாங்கச் சட்டம். மறைப்பவர்களுக்கும் தண்டனை உண்டு. அன்றைக்கே ஜின்னாய் அதிகாரிக்கு ஆள் அனுப்பினார்.

மனைவிக்காகத் தீ வைத்தான் ஒருவன். அவனுக்காகப் பொய் சொன்னார் ஒருவர். சட்டப்படி உண்மையைச் சொன்னார் ஒருவர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜின்னாய் என்பீர்களானால் ஏமாந்தீர்கள். வைத்தியர் போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லாதபோது தடுத்தவர் அவர். வசதிக்கு ஊர் வழக்கம், பழிதீர்க்கச் சட்டம் என்று மாற்றி மாற்றி எடுத்தவருக்கு இரண்டுமே கத்திதான். தோசாய் செய்தது நல்ல காரியம். ஆனால் ஒன்பது நாள் ஊருக்குப் பயந்து கிடந்தாரே! முதல் நாளே ஆற்றைத் தாண்டியிருந்தால் தீயே இல்லை. கன்பே செய்தது குற்றம்தான். அவனுக்கு வேறு வழி ஒன்று காட்ட முடிந்தவர் மட்டும் அது தவறு என்று சொல்லட்டும். ஓசென் பிழைத்துக்கொண்டாள். அதற்குள் அதிகாரியின் ஆட்கள் கன்பேயைக் கட்டிக் கொண்டுபோயிருந்தார்கள். கண் விழித்ததும் புருஷன் எங்கே என்று கேட்டாள். சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.