காரிக்கு இருநூறு வயது

மாடுகளும் பேசித் திரிந்த காலம் அது. பேச்சு இருந்தால் பீற்றலும் இருக்கும் அல்லவா? தொங்குபாறை மலையில் மேயும் மாடுகளுக்குச் சாவே வராது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. மலைப்புல்தான் காரணம் என்றன சில. சுனைத் தண்ணீர் என்றன சில. அப்படிப் பேசியவற்றில் பாதி அந்த மலையை ஏறிப் பார்த்ததே இல்லை.

கீழே சமவெளியில் செவலையன் என்ற கிழட்டுக் காளையும் அதன் மனைவி மயிலையும் இருந்தன. செவலையனுக்குப் பல் தேய்ந்து வைக்கோலைக் கடிக்க முடியவில்லை. அது நாளுக்கு நாள் இளைக்க, மயிலை தினமும் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தது.

“மலைக்குப் போயிடலாங்க. நீங்க இல்லாம என்னால இருக்க முடியாது.”

“வெள்ளச்சிக்கு இது தலைப்பிரசவம். நம்ம பொண்ணு பக்கத்துல நாம இருக்க வேண்டாமா?”

“உங்க உயிரு முக்கியங்க” என்று மயிலை பிடிவாதமாய் நின்றது. அழுத மகளை விட்டுவிட்டு இரண்டும் கிளம்பின. கல்லும் முள்ளுமான ஏற்றத்தில் செவலையனின் குளம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. மனைவிக்காக அது நொண்டியபடியே ஏறியது.

மலை உச்சியில் காரி என்ற காளை நெஞ்சை நிமிர்த்தி நின்றது. “எனக்கு இருநூறு வயசு! இந்தச் சுனையைக் குளம்பால தோண்டினதே நான்தான்” என்றது. சொல்லிவிட்டு ஒரு துள்ளு துள்ளியது. இருநூறு வயதில் இப்படி ஓர் இளமையா என்று, இவற்றைப் போலவே கீழிருந்து வந்திருந்த மாடுகளெல்லாம் வாயைப் பிளந்தன.

மயிலையும் வாயைப் பிளக்கத்தான் பார்த்தது. ஆனால் தினமும் புருஷன் பல்லைப் பார்த்துக் கவலைப்பட்ட பசு அது. “எங்கே தம்பி, வாயைக் காட்டு” என்று நாக்கால் காரியின் உதட்டை விலக்கியது. உள்ளே அரிசி அரிசியாய்ப் பால்பல். நடுவில் இரண்டு மட்டும் பால்பல் விழுந்து, இப்போதுதான் பெரிய பல்லாய் முளைத்திருந்தன; மிஞ்சினால் இரண்டரை வயது இருக்கும்.

“ஏன்டா, இருநூறு வயசுல பால்பல்லா?”

காரி நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்தது. பாவம், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

“எங்க தாத்தா பேரும் காரி, அவரோட தாத்தா பேரும் காரி. எனக்குப் பேரு வச்சப்ப அவங்க வயசையும் சேர்த்துக் கொடுத்தாங்க. எங்க மலையில அதுதானே வழக்கம்?”

“அப்ப உங்க தாத்தா எங்கே?”

“அவரு செத்துப்போயிட்டாரு. ஆனா காரி சாகல, அதான் நான் இருக்கேனே!”

செவலையன் விழுந்து விழுந்து சிரித்தது. மயிலைக்கு முதலில் அழுகைதான் வந்தது. அப்புறம் அதுவும் சிரித்துவிட்டது.

“இதுக்காகவா உங்களை இந்தக் கால்வலியோட நடக்க வச்சேன்! வாங்க, பொண்ணுகிட்டப் போவோம்.”

நொண்டி நொண்டி வீடு வந்தபோது வெள்ளச்சி வலியில் முனகிக்கொண்டிருந்தது. அப்பாவையும் அம்மாவையும் கண்டதும் அதற்குப் பாதி வலி போய்விட்டது. அம்மா முதுகை நக்கிக் கொடுக்கக் கொடுக்க, காளைக்கன்று ஒன்று பிறந்தது.

“அப்பா பேரையே வைக்கப்போறேன்” என்றது வெள்ளச்சி.

“தாராளமா வை. என் வயசை மட்டும் அதுக்குக் கொடுத்துடாதே” என்றது செவலையன். அதன்பின் அது எவ்வளவு காலம் இருந்ததோ தெரியாது. இருந்த வரைக்கும் பேரன் முட்டி விளையாட, பெரும் சந்தோஷமாய் இருந்தது.

மயிலை பல் பார்த்த கதை சந்தைக்குச் சந்தை பரவியது. அன்று முதல்தான், மாடு வாங்கப் போகிறவர்கள் விற்பவர் சொல்லும் வயதுக்கெல்லாம் நன்றாகத் தலையாட்டிவிட்டு, மாட்டின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கிறார்கள்.