ராட்டினம் கோபித்துக்கொண்ட கதை

கிறீ...ச், கிறீ...ச் என்று இரண்டு இழுப்பு, கடைசியில் ஒரு பெருமூச்சு. சின்ன வயதில் எனக்குப் பொழுது விடிந்ததே அந்தச் சத்தத்தோடுதான். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஊமத்தம்பட்டியின் கிணற்று ராட்டினம் போட்ட சத்தம் அது. ராட்டினம் கிழடாகிவிட்டது, அதனால் கிறீச்சிடுகிறது என்று எங்கள் ஊரில் நினைத்துக்கொண்டோம்.

ஊமத்தம்பட்டிக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. அது தங்களோடு பேசுகிறது என்றார்கள். அதுவும் பொதுவாக அல்ல, ஒவ்வொருவரோடும் தனித்தனியாக.

ஊர்த்தலைவர் சங்கிலிக்காளைக்கு அது வணக்கம் சொன்னது. கிணற்றடியைக் கடக்கும்போதெல்லாம் அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பார். மொக்கையனுக்கோ, பாம்பு கடித்துச் செத்துப்போன அவன் எருமைக்காக அது அழுதது. சொந்தக்காரர் யாரும் துக்கம் விசாரிக்காத எருமை. அதனால் ராட்டினத்தின் மேல் அவனுக்குத் தனிப் பாசம்.

சோலையம்மாவின் புருஷன் முத்திருளாண்டி ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர். பல வருஷமாகக் கடிதாசி இல்லை. அவளுக்கு ராட்டினம் தினமும் சேதி சொன்னது: அவர் புறப்பட்டுவிட்டார், வந்துகொண்டே இருக்கிறார். அவளும் தினமும் ஒரு ஆள் சோறு கூடுதலாக வடிப்பாள். பொழுது சாய்ந்ததும், "கப்பல் மெதுவா வருது போல" என்று அதையும் தானே தின்றுவிடுவாள்.

இப்படி இருக்கும்போது அவள் மகன் சீனிச்சாமிக்குக் கல்யாணம் ஆனது. பெண் பவளக்கொடி, டவுன் பக்கத்துக்காரி. அம்மா இல்லாதவள், சித்தியிடம் வளர்ந்தவள். இனி அந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்ற நிம்மதியோடு ஊமத்தம்பட்டிக்கு வந்தாள். வந்த முதல் வெள்ளிக்கிழமை தண்ணீர் இறைக்கப் போனாள். காது வலித்தது. வீட்டுக்குப் போய் விளக்கெண்ணெயை எடுத்துவந்து ராட்டினத்துக்கு விட்டாள். சத்தம் நின்றது. குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சற்று நேரத்தில் சங்கிலிக்காளை அந்த வழியே வந்தார். யாரோ இறைத்துக்கொண்டிருந்தார்கள். ராட்டினம் சுற்றியது, வணக்கம் வரவில்லை. திரும்பிப் போய், இருமிக்கொண்டே மறுபடி வந்தார். வீட்டுக்குப் போய் சலவை வேட்டி கட்டிக்கொண்டும் வந்து பார்த்தார். அப்போதும் வரவில்லை.

மொக்கையன் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டான். "அதுவும் என் எருமைய மறந்துருச்சு" என்றான்.

சோலையம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "சத்தம் நின்னுபோச்சுன்னா கப்பலும் நின்னுபோச்சு. அவரு நடுக்கடல்ல நிக்கிறாரு" என்றாள்.

கோபமாக இருப்பவரிடம் போய்த் தண்ணீர் கேட்பது மரியாதை இல்லை என்று ஊர் முடிவுசெய்தது. யாரும் இறைக்கவில்லை. தாகம் எடுத்தால் நுங்கு தின்றார்கள். நுங்கு தீர்ந்ததும் மொக்கையனை டவுன் கம்பவுண்டரிடம் அனுப்பினார்கள்.

"எங்க ஊர்ல ஒருத்தருக்குச் சத்தமே வரலைங்க" என்றான் மொக்கையன்.

"என்ன வயசு?"

"எங்க தாத்தா காலத்து ஆளுங்க."

"ஈரத்துல வேலையா?"

"கிணத்துக்கு மேல தொங்குறதுதாங்க வேலை."

கம்பவுண்டர் ஊசியைக் கொதிக்கவைப்பதில் கவனமாக இருந்தார். "தொண்டை கட்டியிருக்கும். கழுத்துல கம்பளித் துணியச் சுத்தி, சுடச்சுட மிளகு ரசம் ஊத்துங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க, தானா வாயத் திறப்பாரு."

ராட்டினத்துக்கு மப்ளர் கட்டினார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் வாங்கிப் போய் அண்டா ரசம் வைத்து மேலே ஊற்றினார்கள். ரசம் முழுவதும் கிணற்றுக்குள் போனது. பிறகு சங்கிலிக்காளை முன்னால் நின்று பேச்சுக் கொடுத்தார்.

"சாப்பிட்டீங்களா?"

பதில் இல்லை.

"ரசத்துல உப்புக் கொறச்சலோ?"

அதற்கும் இல்லை. மொக்கையன் கிணற்றுக்குள் இறங்கி ஒரு கை நீரை அள்ளிக் குடித்துப் பார்த்து, உப்புச் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னான்.

கிணற்றடியிலேயே கூட்டம் போட்டார்கள். "யாரு என்ன பண்ணீங்களோ, ஒழுங்கா சொல்லிருங்க" என்றார் சங்கிலிக்காளை.

பவளக்கொடி எழுந்தாள். "நான்தான் மாமா எண்ணெய் விட்டேன். அதான் சத்தம் நின்னுச்சு. கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"கோபம் இல்லன்னு அது உங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"அது எப்படி மாமா சொல்லும்?"

"பாத்தீங்களா, இவகிட்டயும் பேசல" என்றார் சங்கிலிக்காளை.

சோலையம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எம் புருஷனக் கடல்ல நிறுத்திப்புட்டு, நீ மட்டும் உம் புருஷனோட வீட்டுல இருப்பியோ? மூட்டையக் கட்டு. விடிஞ்சதும் உங்க சித்தி வீட்டுக்குக் கிளம்பு."

"ஆத்தா, இவ போயிட்டா எனக்கு யாரு சோறு போடுவா?" என்றான் சீனிச்சாமி.

"உங்கப்பனுக்கு வடிச்சது இருக்குல்ல, அதத் தின்னு."

சித்தி தன்னை வாசலிலேயே நிற்கவைப்பாள் என்று பவளக்கொடிக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டை கட்டத் திரும்பினாள்.

அப்போதுதான் மொக்கையன், "ஏம்மா, எண்ணெய் வச்சியே, அது என்ன கிழமை?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை."

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பெண்கள் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் நாள். ஆண்களுக்குச் சனிக்கிழமை.

"அப்ப ராட்டினம் ஆம்பளையா, பொம்பளையா?" என்றார் சங்கிலிக்காளை.

"எருமைக்காக அழுதுச்சே. ஆம்பளை அழுவானா?" என்றான் சீனிச்சாமி.

"நான் அழுதேனே" என்றான் மொக்கையன்.

"எனக்கு வணக்கம் சொல்லுச்சே. எந்தப் பொம்பளை எனக்கு வணக்கம் சொல்லியிருக்கா?" என்று சங்கிலிக்காளை தன் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"சேலையும் கட்டல, வேட்டியும் கட்டல. என்னத்த வச்சு முடிவு பண்றது?" என்றான் சீனிச்சாமி.

மொக்கையன் ராட்டினத்தைச் சுற்றிவந்து பார்த்தான். "இடுப்புல கயிறு கட்டியிருக்கு, அண்ணே. அரைஞாண் கயிறு" என்றான்.

அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு ஆம்பளைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்தது மட்டுமல்ல, சீயக்காய் தேய்க்காமல் பிசுக்கோடு அப்படியே விட்டிருக்கிறார்கள். யாராக இருந்தாலும் கோபம் வரத்தான் செய்யும்.

மறுநாளே சனிக்கிழமை. காலையில் வெந்நீர் போட்டார்கள். ஆண்கள் மட்டும் சுற்றி நிற்க, மொக்கையன் சீயக்காயைக் குழைத்து ராட்டினத்தைத் தேய்தேய் என்று தேய்த்தான். இண்டு இடுக்கில் இருந்த பிசுக்கெல்லாம் போயிற்று. துவட்டி, சாம்பிராணி காட்டி, கயிற்றை இழுத்தார்கள்.

கிறீ...ச்.

சங்கிலிக்காளை, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். மொக்கையன் எருமையை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சோலையம்மா வீட்டுக்குள் ஓடி, மூட்டையோடு நின்ற மருமகளின் கையைப் பிடித்தாள்.

"கப்பல் கிளம்பிருச்சுடி. மூட்டையக் கீழ வச்சுட்டு உலையப் போடு. உங்க மாமாவுக்கும் சேத்து அரிசி போடு."

பவளக்கொடி அரிசி போட்டாள். எண்ணெய் பற்றி அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ராட்டினத்துக்கு எண்ணெயும் சீயக்காயும் என்று ஆனது. எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பு அலுப்பாக இருக்குமாம், அதனால் அன்று முழுவதும் அதற்கு ஓய்வு. ஊருக்குத் தண்ணீர் கிடையாது.

அப்படி ஒரு சனிக்கிழமை, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முத்திருளாண்டி ரங்கூனிலிருந்து வந்து இறங்கினார்.

"வாங்க மாமா" என்று பவளக்கொடி கதவை அகலத் திறந்தாள். சோலையம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"யாருன்னு தெரியலையா, புள்ள?" என்றார் அவர்.

"தெரியாம என்ன? நீங்கதான். ஆனா நேத்து வரைக்கும் புறப்பட்டாச்சுன்னுதானே ராட்டினம் சொல்லுச்சு. வந்தாச்சுன்னு அது ஒரு வார்த்த சொல்லட்டும், உள்ள வாங்க."

"சரி, கேட்டுப் பாரேன்."

"இன்னைக்கு அது குளிச்சிருக்கு."

மறுநாள் இருவரும் போய்க் கேட்டார்கள். கிறீ...ச். புறப்பட்டாச்சு என்றுதான் சொன்னது. முத்திருளாண்டியும் ஊமத்தம்பட்டியில் பிறந்தவர்தானே. "நீ சொல்றதும் நியாயந்தான்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

கண்மாய் தாண்டி எங்கள் ஊருக்கு வந்து டீக்கடை போட்டார். சோலையம்மா தினமும் வருவாள். ஒரு டீ குடிப்பாள். கூடுதலாக வடித்த சோற்றைத் தூக்குச் சட்டியில் கொண்டுவந்து, "வீணாப் போகுது, நீங்களாவது தின்னுங்க" என்று கொடுப்பாள்.

"இன்னைக்கும் சேதி வந்துச்சா?" என்று கேட்பார்.

"வந்துச்சு. வந்துக்கிட்டே இருக்காராம்."

"வரட்டும், மெதுவா வரட்டும். கடல் பயணம்ல" என்று கிளாஸைக் கழுவுவார்.

ஒரு மார்கழி மாதத்தில் முத்திருளாண்டி அந்தக் கடையிலேயே செத்துப்போனார். சோலையம்மா வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் வருவதற்குள் உலை வைக்க வேண்டும் என்று சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.