கல்லில் பாதி எண்

ஏகலிங்கப் பண்டிதர் கருங்குன்றூர் ராஜாவின் சபையில் ஒரு பேரெண்ணை எழுதிக்கொடுத்தார். தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் என்றார். "இதைக் கல்லில் வெட்டுங்கள். மூன்று நாளில் எவராவது வகுத்துக் காட்டினால் நான் ஊரைவிட்டே போகிறேன். இல்லாவிட்டால் கல்தச்சர் தெருவை இடித்து எனக்கு மண்டபம் கட்டவேண்டும்." ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

வெட்டும் வேலை அதே தெருச் சோலைச்சியிடம் வந்தது. வீட்டை இடிக்கப்போகிற எண்ணைப் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி முடித்தாள்: 79197919.

மூன்றாம் நாள், "வகுத்தவர் உண்டா?" என்று பண்டிதர் சபையைச் சுற்றிப் பார்த்தார்.

சோலைச்சி எழுந்தாள். "7919ஆல வகுங்க சாமி. பத்தாயிரத்து ஒண்ணு வரும், மீதி இருக்காது."

கணக்கர்கள் போட்டுப் பார்த்தார்கள். அப்படியே வந்தது.

"கணக்கு எங்கே படித்தாய்?" என்றார் ராஜா.

"படிக்கலை மகாராஜா. ஓலையில எழுத்தை வெட்டி, கல்லு மேல வச்சு வரைஞ்சுதான் உளி பிடிப்போம். முன்பாதிக்கு வெட்டின ஓலையே பின்பாதிக்கும் பொருந்திடுச்சு. முன்பாதி 7919 பத்தாயிரம் தடவை, பின்பாதி ஒரு தடவை. அவ்வளவுதான்."

பண்டிதர் தலை கவிழ்ந்தது. "வகுபடாதது 7919தான். கல்லுக்குச் சின்னதாக இருந்தது, அதனால் இரண்டு முறை எழுதினேன்."

சோலைச்சி இடுப்பிலிருந்த உளியை எடுத்தாள். "அப்ப பின்பாதியை நான் செதுக்கி எடுத்துடறேன் சாமி. நீங்க மூட்டையைக் கட்டுங்க."