அரை நொடித் தாமதம்

"பதினாலு மாசம் உழைச்சிருக்கேன். ஒரு வரிகூட அடுத்தவங்க எழுதினதில்ல. இன்னும் ஏன் சேர்க்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார் இருதயராஜ்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. நாகர்கோவில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர்.

கேட்டது முத்தரசியிடம். முப்பத்திரண்டு வயதான அவர்தான் 'நொச்சி' இயங்குதளத்தைக் கட்டிக் காப்பவர். பழைய கணினிகளை இயக்கும் சிறிய மென்பொருள் அது. பயன்படுத்துபவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். இருதயராஜுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

நொச்சியில் சேர்ப்பதற்காக இருதயராஜ் எழுதியது ஒலி நிரல். எந்த விசையைத் தட்டினாலும் அந்த எழுத்தைத் தமிழில் சொல்லும்.

இடையில் திண்டுக்கல்லிலிருந்து பர்வீன் என்ற கல்லூரி ஆசிரியை அந்த நிரலுக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். இருதயராஜ் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. நொச்சியில் அவரவர் வேண்டியதை அவரவரே செய்துகொள்வதுதான் வழக்கம், நீங்களும் சொந்தமாக ஒன்று எழுதிக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டுவிட்டார்.

முத்தரசி தன் கணினியை அவர் பக்கம் திருப்பினார். ஒரு கடிதத்தைத் திறந்து காட்டினார்.

கோவில்பட்டியில் வக்கீல் ஒருவரிடம் தட்டச்சு செய்யும் எஸ்தர் எழுதியது. அவருக்குக் கண் தெரியாது. ஒலி நிரலைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்ட நான்கு பேரில் ஒருவர். எழுத்து காதில் விழுவதற்குள் விரல் அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறது, மனுக்களில் பிழை வருகிறது, மாத முடிவில் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக வக்கீல் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தார்.

இருதயராஜ் பதறிப்போனார். "இப்பவே சரி பண்ணிடறேன்."

"பண்ணணும். ஆனா நீங்க கை வைக்கக்கூடாது."

"பத்து நிமிஷ வேலை."

"தெரியும், சார். வேற யாராவது செய்யணும். இன்னொருத்தருக்கும் புரிஞ்சாத்தான் சேர்ப்பேன்."

இருதயராஜ் கோபமாகத்தான் வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் சும்மா இருந்தார். மூன்றாம் நாள் எஸ்தரின் கடிதத்தை மறுபடி படித்தார். பிறகு நிரலைத் திருத்தித் தரும்படி கேட்டுப் பர்வீனுக்கு எழுதினார். எழுதுவதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆனது.

பர்வீன் பழசைப் பேசவில்லை. நிரலைப் படித்துவிட்டு நாற்பத்தோரு கேள்விகள் அனுப்பினார்.

முதல் எட்டுக்கும் இருதயராஜ் விறுவிறுவென்று பதில் எழுதினார். ஒன்பதாவது கேள்வி: இங்கே அரை நொடி ஏன் காத்திருக்கிறது?

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாரத்தில் போட்டது. ஒலி கரகரத்தது, காத்திருக்கச் சொன்னதும் கரகரப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவர் பார்க்கவே இல்லை.

ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிவிடலாம். பர்வீனுக்குத் தெரியப்போவதில்லை.

'தெரியாது' என்று எழுதி அனுப்பினார்.

பர்வீன் அந்த வரியை எடுத்துவிட்டு, நொச்சி பயன்படுத்தும் ஆறு பேரிடம் அவரவர் கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒன்றில்கூடக் கரகரப்பு இல்லை. இருதயராஜின் கணினியில் மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு கணினிக்காக எல்லோரும் அரை நொடி காத்திருந்திருக்கிறார்கள்.

பர்வீன் திருத்திய நிரல் எஸ்தருக்குப் போனது. ஒரு பக்க மனுவை ஒரு பிழையும் இல்லாமல் அடித்ததாக எஸ்தர் மறுநாளே எழுதினார். வக்கீல் அதைப் படித்துவிட்டு அடுத்த மனுக்கட்டை மேசையில் வைத்தாராம்.

இருதயராஜ் அதை முத்தரசியிடம் சொல்ல வந்தார்.

"தப்பைக் கவனிச்சது யாரு?" என்று கேட்டார் முத்தரசி.

"எஸ்தர்."

"சரி பண்ணினது?"

"பர்வீன். ஓட்டிப் பார்த்தது அந்த ஆறு பேர்."

"நீங்க என்ன செஞ்சீங்க, சார்?"

இருதயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரியாதுன்னு சொன்னேன்."