கிணற்று வளைவில் எடுக்காத கால்

வெள்ளிங்கிரி தன்னைவிடப் பதினாறு வயது இளையவளிடம் பாடம் கேட்கப் போனார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்று.

ரேஸ் கார் என்ஜின் கட்டுவதில் கோவையில் அவருக்கு நிகராக இன்னொருவரைச் சொல்வது கடினம். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு சரியாக உட்காரவில்லை என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் போய் எதையும் கேட்டதில்லை.

அவர் கேட்கப் போன பிலோமினா தூத்துக்குடிக்காரி. விமானப் பொறியியல் படித்தவள். அதே அணியில் காரின் இறக்கைகள் அவள் பொறுப்பு. விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். ரேஸ் காரின் இறக்கை அதைத் தலைகீழாகச் செய்யும், ஓடும் காரைக் காற்றால் தரையோடு அமுக்கும். அந்த அமுக்கத்தை டவுன்ஃபோர்ஸ் என்பார்கள்.

அவள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் வெள்ளிங்கிரி அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கார் ஓடுவது என்ஜினால், ரெக்கையால் இல்லை என்று அவள் காதுபடவே மெக்கானிக்குகளிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். அவள் தன் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அணியின் ஓட்டுநர் தரணி, வெள்ளிங்கிரியின் அக்கா மகன். இருபத்து மூன்று வயது. முதன்முதலில் அவனை ரேஸ் காரில் உட்கார வைத்து பெல்ட் மாட்டிவிட்டவர் அவர்தான்.

அந்த வருஷம் வெள்ளிங்கிரி நாலு மாதம் உழைத்து, என்ஜினிலிருந்து கூடுதலாகப் பதினான்கு குதிரைத்திறன் எடுத்திருந்தார். நேர்பாதையில் அவர்கள் காரைப் பிடிக்க ஆளில்லை. ஆனாலும் எல்லாப் பந்தயத்திலும் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் வந்தார்கள்.

காரணம் கிணற்று வளைவு. நேர்பாதை முடிகிற இடத்தில் வலப்பக்கம் திரும்பும் நீண்ட வளைவு அது. பந்தயங்கள் நடக்கும் அந்தத் தடம் போடுவதற்கு முன் அங்கே ஒரு தோட்டத்துக் கிணறு இருந்ததாம். மற்றவர்கள் வேகம் குறைக்காமல் அதைக் கடந்தார்கள். தரணி மட்டும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். ஒரு கணம்தான். கணினி வரைந்த கோட்டில் அந்தக் கணம் சின்னப் பள்ளமாகத் தெரிந்தது.

பின் இறக்கையை இன்னும் நிமிர்த்த வேண்டும் என்றாள் பிலோமினா. வெள்ளிங்கிரி ஒப்பவில்லை. நிமிர்ந்த இறக்கை காற்றை எதிர்க்கும், நேர்பாதையில் ஏழு கிலோமீட்டர் வேகம் போய்விடும், நாலு மாதம் பாடுபட்டதை ஒரு ஸ்பானரைத் திருப்பிக் கெடுக்கப் பார்க்கிறாள் என்றார். இறக்கையை இன்னும் படுக்க வைக்கச் சொன்னார். அணியின் முதலாளி பனியன் கம்பெனிக்காரர். அவருக்கு வளைவு புரியாது. தடத்தோரப் பலகையில் காட்டும் வேகம் புரியும். இறக்கை படுத்தது.

அப்படியானால் கிணற்று வளைவில் எந்த வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று பிலோமினா கணக்குப் போட்டு, முதலாளியிடமும் வெள்ளிங்கிரியிடமும் சொன்னாள். இருவரும் தலையாட்டினார்கள். அதற்குமேல் அவள் வாதாடவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை, மெக்கானிக்குகள் எல்லோரும் நிற்கும்போது வெள்ளிங்கிரி தரணியிடம் சொன்னார்:

"கார்ல ஒரு குறையும் இல்லடா. உன்ற கால்லதான் பயம் இருக்குது."

தரணி ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

மறுநாள் முதல் ஐந்து சுற்றும் அவனுக்கு முன்னால் கார்கள் இருந்தன. ஆறாவது சுற்றில் பாதை காலியானது. அவன் அதுவரை யாரும் போகாத வேகத்தில் கிணற்று வளைவுக்குள் நுழைந்தான். காலை எடுக்கவில்லை. பாதி வளைவு வரை கார் சொன்னபடி கேட்டது. பிறகு பின்சக்கரங்கள் பிடியை விட்டன. புல்லைத் தாண்டிச் சுவர்வரை போக ஒரு நொடிகூட ஆகவில்லை.

உயிர் மிஞ்சியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

பதினோராம் நாள்தான் அவனைப் பார்க்க விட்டார்கள். அக்கா தம்பியைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். வெள்ளிங்கிரி கட்டிலருகே நின்றார். தரணிதான் பேசினான்.

"மாமா, நான் காலை எடுக்கலீங்க. கம்ப்யூட்டர்ல பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனார்.

பிலோமினா தனியாக இருந்தாள். அவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே சொன்னார்:

"அம்மணி, எனக்கு என்ஜின் மட்டுந்தான் தெரியும். மிச்சத்த நீங்க சொல்லிக் குடுக்கோணும்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது எதற்கு என்று கேட்டாள். தான் செய்தது என்னவென்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். காலையில் தடத்துக்கு வரச் சொன்னாள்.

விடிந்ததும் போனார். ஒரு பிக்கப் வண்டியில் மாற்று இறக்கையோடு நின்றாள். அவரைப் பின்னால் ஏற்றி, இடுப்பில் கயிறு கட்டி, இறக்கையை இரு கையாலும் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னாள். நேர்பாதையில் வண்டியை ஓட்டினாள்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கைகளில் கொஞ்சம் பாரம் தெரிந்தது. எண்பதில் அரிசிச் சிப்பத்தை யாரோ மேலே வைத்தது போல இருந்தது. மணிக்கட்டு வளைந்தது. அவரால் நிமிர்த்திப் பிடிக்க முடியவில்லை.

அவள் வண்டியை நிறுத்தினாள்.

"வேகம் ரெண்டு மடங்கானா அமுக்கறது நாலு மடங்கு ஆகும் அண்ணே. நூத்தி அறுவதுல இதே இறக்கை மேல ஒரு ஆள் ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். இப்பப் படுக்க வச்சுப் பிடிங்க."

மறுபடி ஓட்டினாள். அதே எண்பது. இந்தத் தடவை இறக்கை வெறும் தகடாகக் கையில் கிடந்தது.

"எப்படி இருக்கு?"

"சொகமா இருக்குதுங்க."

"அவனுக்கும் நேர்பாதையில அப்படித்தான் இருந்திருக்கும்."

கிணற்று வளைவுக்கு நடந்தார்கள். தார் மேல் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு இன்னும் அழியவில்லை. பதினான்கு குதிரைத்திறனைக் கூட்டாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காதா என்று கேட்டார்.

"என்ஜின் மேல தப்பு இல்ல. அது வளைவு வாசல் வரைக்கும் கொண்டாந்து விடும். உள்ள போனப்புறம் பிடிச்சுக்க வேண்டியது டயரு. டயரை அமுக்கிப் பிடிக்க வேண்டியது காத்து. அதைத்தான் நாம எடுத்துட்டோம்."

"நாம இல்லீங்க. நான்."

அவள் வேறொன்று சொன்னாள். தரணி பழைய பந்தயங்களில் காலை எடுத்த வேகத்தை, இறக்கையின் அன்றைய சாய்வுக்குத் தான் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாளாம். இரண்டு கிலோமீட்டர்கூட வித்தியாசமில்லை. மற்றவர்களின் இறக்கைகள் நிமிர்ந்திருந்தன, அதனால் அவர்கள் எடுக்கவில்லை.

"அவன் கால்ல இருந்தது பயம் இல்ல அண்ணே. அளவு."

வெள்ளிங்கிரி தடத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. பெருக்குகிற பெண்கள் இருவர் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, கடைசியில் ஒன்று தோன்றியது.

"அம்மணி, வளைவுல எந்த வேகத்துக்கு மேல போகக்கூடாதுன்னு எங்கிட்ட சொன்னீங்க. மொதலாளிகிட்ட சொன்னீங்க. தரணிகிட்ட சொன்னீங்களா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல."

"ஏனுங்க?"

"சொல்லியிருந்தா காலை எடுத்திருப்பான். கார் பத்திரமா தாண்டிப் போயிருக்கும். நீங்களும் அவனுக்குப் பயம்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சொல்லலைன்னா சறுக்கிப் புல்லுல போய் நிக்கும்னு நெனச்சேன். அதுக்கப்புறமாவது எங்கிட்டக் கேக்க வருவீங்கன்னு நெனச்சேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்க," என்றாள்.