ஆட்காட்டி முட்டையில் தரை ஏறிய கதை

பறவை கேட்டால் மனிதர் பதில் சொன்ன அந்தக் காலத்தில், ஆட்காட்டிக் குருவியின் முட்டை வெள்ளைவெளேரென்று இருந்தது. கூடு கட்டுகிற வழக்கம் அதற்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். காக்கைக்கு வேறென்ன வேண்டும்? இலை போட்டுப் பரிமாறிய மாதிரிதான்!

இரண்டு கோடை முட்டைகளைப் பறிகொடுத்த ஓர் ஆட்காட்டி, மூன்றாம் கோடையில் வற்றிய ஏரிக்குள் நாலு முட்டை இட்டது. இதுவும் போனால் நான் உயிரோடு இருந்து என்ன பயன் என்று அது தனக்குள் சொல்லிக்கொண்டது.

அன்று காலை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏரிக்கு வந்தார்கள். கண்ணால் கண்டதை ஆளுக்கோர் ஓலையில் வரைய வேண்டும், அதுதான் பாடம். எல்லோரும் மயிலையும் தாமரையையும் வரைந்தார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாத ஏரியில் தாமரை எங்கே பூத்ததோ, அது அவர்களுக்கே வெளிச்சம். பூவாயி என்ற சிறுமி மட்டும் ஒரு சாண் தரைக்கு முன்னால் குந்தியவள், எழுந்திருக்கவே இல்லை.

ஆட்காட்டி தத்தித் தத்திப் பக்கத்தில் போயிற்று. "ஏ புள்ளே, வெறும் மண்ணுல அப்படி என்னத்தக் கண்டே?"

"வெறும் மண்ணா? நீயே குனிஞ்சு பாரேன்."

குனிந்து பார்த்தது. அம்மாடி! எள்ளளவு கறுப்புக் கல், அதன் மேல் துருநிறத்தில் ஒரு கீற்று. காய்ந்த பாசியின் சாம்பல் பச்சை. நத்தை ஓட்டின் துணுக்கு. எறும்பு நடந்து நடந்து தேய்ந்த தடம். பார்க்கப் பார்க்க முடிவே இல்லை. பிறந்ததிலிருந்து இதன்மேல் நின்றேனே, ஒருநாளும் பார்க்கவில்லையே என்று ஆட்காட்டிக்கு மெய் சிலிர்த்துப்போயிற்று.

பிறகு கேட்டது: "தாயீ, இதை அப்படியே என் முட்டையில எழுதித் தர்றியா?"

"ஐயோ, உடைஞ்சுட்டா?"

"எழுதாட்டியும் காக்கா உடைக்கத்தான் போகுது. எழுது."

சிரட்டையில் கரியும் செம்மண்ணும் வேலம்பிசினில் குழைத்து வைத்திருந்தாள் பூவாயி. வேப்பங்குச்சியின் நுனியை மென்று, மூச்சை அடக்கி, நாலு முட்டையிலும் அந்தச் சாண் தரையை எழுதினாள். ஒரு புள்ளியைக்கூட அழகுக்காகச் சேர்க்கவில்லை. கண்ணில் பட்டது மட்டும்தான்.

மறுநாள் விடிந்ததும் காக்கை வந்திறங்கியது. முட்டைகளுக்கு நடுவிலேயே நடந்தது. இங்கே பார்த்தது, அங்கே பார்த்தது. ஒரு முட்டையைக் காலால் இடறியும் கல்லென்று நினைத்துக்கொண்டது. "தூ, இந்த வருசம் மலடு போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோயிற்று.

புதர் மறைவிலிருந்து பார்த்த பூவாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஜெயிச்சுட்டோம்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். எழுதியவள் அவள்தான், இடமும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் தரையைப் பார்த்தால் தரைதான் தெரிந்தது. தூக்கிய கால் ஒரு முட்டைக்கு நேர் மேலே இறங்கியது.

அதுவரை எந்தப் பறவையும் கத்தாத ஒரு கத்தல் கத்திக்கொண்டு தாய் அவள் முகத்துக்கு நேரே பாய்ந்தது. பூவாயி தூக்கிய காலோடு அப்படியே நின்றாள். மெல்லக் குனிந்தாள். பெருவிரலுக்குக் கீழே, அவள் எழுதிய எறும்புத் தடம்.

நாலும் பொரிந்தன. ஓட்டின் எழுத்து குஞ்சுகளின் உடம்பிலும் ஊறியிருந்தது. அவை வளர்ந்து இட்ட முட்டைகளிலும் அது தானாகவே வந்தது.

அன்று முதல்தான் ஆட்காட்டி முட்டை தரையின் புள்ளிகளோடு பிறக்கிறது. அன்று முதல்தான், வெட்டவெளியில் யார் நடந்தாலும் தாய் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது: நில்லு, குனிஞ்சு பாரு, அப்புறம் காலை வை.