விண்மீனுக்கு எழுதிய கணக்கு

மலையடிவாரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் மெஹ்ருன்னிசா என்றொரு விஞ்ஞானி இருந்தாள். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிச் சிதறும்போது கனமான அணுக்கருக்கள் எப்படிப் பிளக்கின்றன, அந்தச் சிதறலில் தங்கம் எப்படிப் பிறக்கிறது என்று கணினியில் கணக்கிடும் நிரல் ஒன்றை, தன் இளமை முழுவதையும் கொடுத்து எழுதியிருந்தாள்.

ஒருநாள், பெயர் சொல்லாத அதிகாரி ஒருவர் வந்தார்.

"விண்மீனெல்லாம் எங்களுக்கு வேண்டாம்மா. அணுக்கரு எங்கே பிளந்தாலும் கணக்கு ஒண்ணுதானே? நிரலைக் கொடுத்துடுங்க."

குரலில் மரியாதை இருந்தது. மறுக்க இடமில்லை. ஆயுதத்துக்குத்தான் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

இயக்குநர் அருளப்பன் தயங்கவில்லை. "கொடுத்துடும்மா. நாம இல்லேன்னா வேற யாராவது எழுதிக் கொடுக்கத்தான் போறாங்க."

கணினிக் கூடத்தைக் கவனித்துவந்த திருமேனி அவளைத் தனியாகப் பார்த்தான். "நீங்க தலையசைச்சாப் போதும் மேடம். ஒரு பிரதி விடாம அழிச்சுடறேன். ஜெயிலுக்குப் போறதுன்னா நான் போறேன்."

அவளுக்கு மனம் வரவில்லை. அத்தனை வருட உழைப்பும் அதோடு போய்விடுமே! வேண்டாம் என்றாள். அவன் வேலையை விட்டே போய்விட்டான்.

அவள் வேறொரு வழி கண்டாள். ஒவ்வொரு பிளவிலும் வெளிவந்து அடுத்த பிளவைத் தூண்டும் நியூட்ரான்களின் எண்ணிக்கையை நிரலுக்குள் சத்தமில்லாமல் குறைத்தாள். இனி, வெடி பிசுபிசுத்துப்போகும் என்றே கணக்கு காட்டும்; பயனில்லை என்று கைவிட்டுவிடுவார்கள். அந்தப் பிரதியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

மழைக்காலம் முடிந்து அதிகாரி மீண்டும் வந்தார், கையில் இனிப்புப் பெட்டியோடு.

"சின்னதா வெடிச்சாலும் போதும்னு செஞ்சு முடிச்சுட்டோம். நாளைக்குச் சோதனை. சின்ன வெடிதான்னு உங்க கணக்கு சொல்லிடுச்சு. அதனால பக்கத்து ஊர்க்காரங்களைக் கிளப்பி அலையவிடற வேலையே இல்லாமப் போச்சு. உங்களுக்குப் புண்ணியம்மா."

அவள் குறைத்தது கணக்கைத்தான், வெடியை அல்ல. உண்மையைச் சொன்னால் ஊர் பிழைக்கும். ஆயுதத்தின் முழு பலமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஊர் இருக்காது. வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கொடுக்கச் சொன்னார் அருளப்பன். அழிக்கத் துணிந்தான் திருமேனி. மாற்றிக் கொடுத்தாள் மெஹ்ருன்னிசா. சொல்லுங்கள், இவர்களில் யார் பக்கம் நியாயம்?

விடை: திருமேனி பக்கம். அருளப்பனின் முடிவுக்கு விலை கொடுக்க வேண்டியவர்கள் முகம் தெரியாத யாரோ. மெஹ்ருன்னிசா நல்லதையே நினைத்தாள். ஆனாலும் அவள் தந்திரத்தின் விலை ஓர் ஊரின் தலையில் விழ இருந்தது. தன் செயலுக்கான விலையைத் தானே கொடுக்க நின்றவன் அவன் ஒருவன்தான். மெஹ்ருன்னிசா காரின் பின்னால் ஓடி உண்மையைச் சொன்னாள். ஊர் காலியானது, ஒருவரும் சாகவில்லை. அதிகாரி கோபப்படவும் இல்லை. "அப்போ சரியான கணக்கு உங்களுக்குத் தெரியும்" என்றபடி கார்க் கதவைத் திறந்துவிட்டார். அவள் இப்போது எங்கே வேலை செய்கிறாள் என்பது அவள் வீட்டாருக்கும் தெரியாது.